ஒன்பது வோல்ட் மணி

எங்கள் கிணற்றின் ஆழம் பதினொரு முழம். அதில் ஏழு முழம் தண்ணீர். தம்பி அதில் விழுந்தபோது அவனுக்கு நான்கு வயது, எனக்குப் பத்து, தங்கச்சிக்கு ஒன்று. எனக்கு இப்போது அறுபத்தாறு. பெயர்கள் மறக்கின்றன, எண்கள் மறப்பதில்லை.

அவன் விழுந்த சத்தம் ஒருவருக்கும் கேட்கவில்லை. அதுதான் அப்பாவைத் தின்றது. அவர் திருகோணமலைத் துறைமுக வேலைத்தலத்தில் மின்வேலை செய்தவர். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கையோடு கிணற்றுக்கு ஒரு காவல் செய்தார். மிதக்கும் கட்டையொன்றில் இரண்டு செப்புக் கம்பிகளைத் தண்ணீருக்கு ஒரு விரல் மேலே நிறுத்தினார். ஏதாவது விழுந்து தண்ணீர் தெறித்தால் கம்பிகள் நனையும். குசினியில் அடுப்புக்கு மேல் சுவரில் மணி அடிக்கும். தண்ணீர் அள்ளும்போது மட்டும் சுவிச்சை நிறுத்த வேண்டும். தங்கச்சி நடக்கத் தொடங்கியிருந்தாள். கிணற்றை மூட அம்மா விடவில்லை. மூடினால் அவனுக்கு மூச்சு முட்டும் என்றார்.

காவல் வைத்த மூன்றாம் நாள் நடுப்பகலில் மணி அடித்தது. ஓடினோம். தங்கச்சி பாயில் நித்திரை. தண்ணீர் அசைவில்லாமல் கிடந்தது. அம்மா கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தார்.

"வாறன் ராசா. சோறு வடிச்சிட்டு வாறன்."

பக்கத்து அறையில் இருப்பவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அன்றிலிருந்து நான்கு பேருக்கு ஐந்து சோற்றுக் கோப்பை வைத்தார். மணி அடித்த பிறகே சாப்பிட உட்கார்ந்தார்.

அப்பா என்னிடம் ஒரு கொப்பியைத் தந்தார். "கணக்கப்பிள்ளை, அடிக்கிற நேரமெல்லாம் எழுது."

பத்தொன்பது தரம் எழுதினேன். பதினேழு தரம், மூன்று வீடு தள்ளியிருந்த ஐஸ் தொழிற்சாலையில் மோட்டர் தொடங்கிய அதே கணம். வீட்டு பல்ப்பும் ஒருமுறை மங்கி எழும். மற்ற இரண்டும் ஞாயிற்றுக்கிழமை அடித்தவை. அன்று தொழிற்சாலை பூட்டு. அப்பா அந்த வரிகளை இரண்டு தரம் வாசித்தார்.

"இந்த ரெண்டையும் அம்மாட்டச் சொல்லாத."

அம்மாவிடம் அவர் மோட்டரைப் பற்றி மட்டும் சொன்னார். "அது தொடங்கேக்க லைனில கரண்ட் விழுந்து எழும்புதப்பா. மணி அதிலதான் ஏமாறுது. வேற ஒண்டுமில்லை."

"உங்களுக்குக் கரண்டைத் தெரியும். எனக்கு என்ர பிள்ளையைத் தெரியும்."

நான்கு பின்னேரங்கள் இருந்து அப்பா புதிய மின்வழங்கியைச் செய்தார். இருநூற்று முப்பது வோல்ட்டைப் பன்னிரண்டாகக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர், நான்கு டயோட்கள், பெருவிரல் பருமனில் ஒரு கப்பாசிற்றர், முகப்பில் கால் அம்பியர் பியூஸ். கடைசியில் சீனர் என்ற, அரிசிமணி அளவு கண்ணாடித் துண்டு. லைன் எப்படி ஆடினாலும் அது ஒன்பது வோல்ட்டை ஒன்பதாகவே பிடித்து வைத்திருக்கும் என்றார். தண்ணீருக்குள் கை வைத்தாலும் கடிக்காது என்று கம்பிகள் கிடந்த வாளித் தண்ணீருக்குள் தன் கையையே விட்டுக் காட்டினார்.

மறுநாள் மோட்டர் தொடங்கியது, பல்ப் மங்கியது, மணி அடிக்கவில்லை. நான் கிணற்றுக்குள் ஒரு கல்லைப் போட்டேன். உடனே அடித்தது. அப்பா என் முதுகில் தட்டினார்.

அம்மா அகப்பையோடு மணியைப் பார்த்தபடி நின்றார். ஒரு நாள், இரண்டு நாள். நான்காம் நாள் உலை வைக்கவில்லை.

"அவன்ர மணியை ஆர் நிப்பாட்டினது?" என்று என்னிடம் கேட்டார். "கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைச்சிருப்பான்."

பிறகு நடுப்பகல்களில் கிணற்றுக்கட்டில் போய்க் குனிந்துகொண்டு நின்றார். ஐந்தாம் நாள் தலை மட்டும் உள்ளே இருந்தது. ஆறாம் நாள் தோள். ஏழாம் நாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது, இடுப்பு வரை உள்ளே தொங்கி, தண்ணீரோடு மெல்லிய குரலில் கதைத்துக்கொண்டிருந்தார். குதிக்கால்கள் நிலத்தில் இல்லை. நான் சேலையைப் பிடித்து இழுத்தேன். திரும்பிச் சிரித்தார். "கொஞ்சம் பொறு, இப்பதான் வாய் திறக்கிறான்."

அன்றிரவே அதை அப்பாவிடம் சொன்னேன்.

எட்டாம் நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. கிணற்றின் வாயில் இரும்பு வலை அடித்து, வாளி போகுமளவு கதவு விட்டுப் பூட்டுப் போட்டார். "காத்துப் போகும்தானே," என்று அம்மாவிடம் சொன்னார். பின்னேரம் அப்பா மணிப்பெட்டியைத் திறந்து ஏதோ செய்தார்.

மறுநாள் பல்ப் மங்கியது. மணி அடித்தது.

"வாறன் ராசா," என்று அம்மா எழுந்தார். அடுப்பை மூட்டினார். ஐந்து கோப்பை வைத்தார். எட்டு நாட்களுக்குப் பிறகு ஐந்து பிடி சோறு சாப்பிட்டார். அப்பா அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சீனரின் ஒரு கால் அறுந்திருந்தது.

"அப்பா, காரணம் பிடிச்சிட்டன்! சீனர் கழண்டு கிடக்கு. ஒட்டட்டே?"

"தொடாத. அது அப்பிடியே கிடக்கட்டும்."

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில், என் அப்பாவுக்கு மின்வேலை சரியாகத் தெரியாது என்று மூன்று பேரிடம் சொன்னேன்.