'உள்ளேன்' சொல்லாத வகுப்பு

ஃபினாயில் வாசனை வந்தால் எனக்கு இன்றும் ஆஸ்பத்திரி ஞாபகம் வராது... ஒரு வகுப்பறைதான் வரும்.

கடலூரில், தப்பு செய்த பையன்களை வைத்திருக்கும் இல்லம். காலையில் தரையைத் துடைத்து, ஈரம் காய்வதற்குள் பாய் விரித்தால் அதுதான் வகுப்பு.

பத்தாவது படிக்கும்போது கூட்டாளியோடு சேர்ந்து ஒரு பைக்கைத் தூக்கினேன். நல்லவன் வேஷமெல்லாம் வேண்டாம், பூட்டை உடைத்தது நான்தான். சிதம்பரத்தில் எடுத்தோம், புவனகிரி தாண்டுவதற்குள் மாட்டிக்கொண்டோம்.

அதற்கு முன் பள்ளிக்கூடம் என்றாலே எனக்கு வேப்பங்காய். ஆனால் இல்லத்தில் மற்ற நேரமெல்லாம் தலையைத்தான் எண்ணுவார்கள். வகுப்பு நடக்கும் இரண்டு மணி நேரம் மட்டும் இனிஷியலோடு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதற்காகவே முன்வரிசையில் உட்கார்ந்தேன்... நம்பினால் நம்புங்கள்.

முதல் நாள் டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுத்தார். எல்லோரும் "உள்ளேன் அம்மா" என்றார்கள். எனக்கு வாய் வரவில்லை. மூன்று முறை கூப்பிட்டுவிட்டு, திமிரா என்று கேட்டார்.

"தெருவுல எங்கம்மாவ பாக்குறவங்க எல்லாம், 'உம்புள்ள உள்ளதான் இருக்கானா'ன்னு கேக்குறாங்க டீச்சர். அதையே நானும் சொல்லணுமா?"

பேனாவை மூடினார், திறந்தார். பிறகு, "செரி... வந்திருக்கேன்னு சொல்லு" என்றார்.

மறுநாளிலிருந்து எல்லோருமே "வந்திருக்கேன் டீச்சர்"தான். பண்ருட்டிப் பையன் ஒருவன், தன் பெயர் வருவதற்குள் வாசல் வரை போய், திரும்பி நடந்து வந்து சொல்வான். ஏன்டா என்றால், வந்தால்தானே வந்திருக்கேன் என்று சொல்ல முடியும் என்பான். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். வீட்டிலிருந்து பையை மாட்டிக்கொண்டு வந்ததாக இரண்டு மணி நேரம் எங்களை நாங்களே ஏமாற்றிக்கொண்டோம்.

வெளியே வந்ததும் அம்மா என்னைச் சிதம்பரத்தில் பழைய பள்ளிக்கூடத்துக்கே கூட்டிப் போனார். கிளாஸ் சார் ஒப்புக்கொண்டால் சேர்த்துக்கொள்ளலாம் என்றுவிட்டார் ஹெச்.எம். இல்லையென்றால் பத்தாவது பரீட்சை அவ்வளவுதான். அம்மா வராண்டாவில் நின்றார், முகத்தில் ஈயாடவில்லை. நான் கடைசி பெஞ்ச்.

சார் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். என் பெயர் வரவேண்டிய இடத்தைத் தாண்டிப் போனார். பெயரை எப்போதோ அடித்துவிட்டிருந்தார்கள். ரிஜிஸ்டரை மூடினார்.

எழுந்து நின்றேன். பதற்றத்தில் பழக்கம்தான் வாயில் வந்தது.

"வந்திருக்கேன் சார்."

வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. ரிஜிஸ்டரைத் திரும்பத் திறந்து, கடைசி வரியில் என் பெயரை எழுதினார். இனிஷியல் என்ன என்று மட்டும் கேட்டார். வராண்டாவில் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இப்போது அதே ஊரில் டூ வீலர் மெக்கானிக் ஷாப் வைத்திருக்கிறேன். மகள் ஆறாவது படிக்கிறாள். அவள் ஸ்கூலில் அட்டெண்டன்ஸ் எடுத்ததும் நம் போனுக்கே மெசேஜ் வந்துவிடுகிறது... 'பிரசென்ட்' என்று ஒரே வார்த்தை. வசதிதான். ஆனாலும் அந்தக் குரல் இல்லையே என்று இருக்கும்.

அதனால் கிரீஸ் கையோடு போனைப் பார்த்து, "வந்திருக்கா" என்று நானே வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகுதான் அடுத்த வண்டியைத் தொடுவது.

சாவியைக் கேட்டு வாங்கித்தான்.