முன்னால் போனவரின் முகம்

"ஞாயித்துக்கிழமை மலைக்குப் போலாமுங்களா?" – நண்பர் ரஃபீக் போனில் கேட்டார்.

"பாக்கலாமுங்க" என்றேன்.

எங்கள் ஊரில் அதற்கு 'வரவில்லை' என்று அர்த்தம். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லையே. கோவை உக்கடத்தில் துணிக்கடை வைத்திருக்கும் ரஃபீக்குக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனாலும் ஞாயிறு விடிவதற்கு முன்பே அவர் கார் என் வாசலில் நிற்கிறது. உள்ளே பம்ப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் செந்தில் வேறு.

ஐப்பசி மழை விட்ட மறுநாள். கோத்தகிரிப் பக்கம் ஒரு மலைமுகடு. என் பையில் காய்ச்சல் மாத்திரை, டார்ச், விசில், அட்டைப்பூச்சிக்கு உப்பு...

"வீடு மாத்திக் குடி போறாப்பல இருக்குதுங்களே" என்றார் செந்தில்.

என்ன செய்ய? பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டேன். கவலைப்படுவதை இன்னும் விட்டபாடில்லை.

முகட்டில் ஏறினால் ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் கீழே வெகுதூரத்தில் பவானி ஆறு. அழகுதான். ஆனால் இரண்டு பக்கமும் பள்ளம். நடுவே ஓர் ஆள் போகிற அளவுக்குத்தான் பாதை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கியே இருக்கேனுங்க."

"அதெப்படிங்க உட்டுப்போட்டுப் போறது? போனா மூணு பேரும் போலாம். இல்லீனா திரும்பிரலாம்" என்றார் ரஃபீக்.

என்னால் அவர்கள் ஞாயிறும் வீணாகிறதே... இது புதுக் கவலை.

செந்தில் தோள் துண்டை எடுத்து ஒரு முனையை என் கையில் கொடுத்தார். "கீழ பாக்காதீங்க. என்ற முதுகப் பாத்து வாங்க." பின்னால் ரஃபீக் என் பையைப் பிடித்துக்கொண்டார்.

"காத்தடிச்சா?"

"நிப்பமுங்க."

"வழுக்குனா?"

"உக்காந்துக்கலாமுங்க."

"மழை வந்தா?"

"நனையலாமுங்க. பேசாம வாங்க."

கடந்துவிட்டோம். அந்தப் பக்கம் ஒரு பாறையில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். செந்திலால் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. திருகத் திருக விரல் வழுக்குகிறது.

"எனக்கும் உசரம்னா ஆகாதுங்க" என்றார் மெதுவாக. "சொல்லலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்க உக்காந்துட்டீங்க. ரெண்டு பேரும் உக்காந்துட்டா ஆருங்க முன்னாடி போறது?"

"நல்ல ஆளுங்களா பாத்துத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்று ரஃபீக் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், மகள் கல்யாணத்தில் – எனக்கு முன்னால் போய் நின்றவர்களை எல்லாம் தைரியசாலிகள் என்றே நினைத்திருந்தேன். அவர்களில் எத்தனை பேருக்கு உள்ளுக்குள் உதறியதோ? எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் முதுகுதானே. ஒருவருக்காவது ஒழுங்காக நன்றி சொல்லியிருக்கிறேனா?

திரும்பவும் அதே பாதையில்தான் வந்தாக வேண்டும். செந்தில் எழுந்து தயங்கி நின்றார். இந்தத் தடவை நான் முன்னால் நடந்தேன்.

என் முகம் எப்படி வெளிறியிருந்ததோ... பின்னால் வருகிறவருக்கு அது தெரியவா போகிறது?