வீடு போகேல்லை, வந்து பாருங்கோ

எங்கட அக்கா பிறந்தது சாவகச்சேரியில. நாலு பிள்ளையளில அவ மூத்தவ. கடைசி நான், அவவுக்குக் கடைசிவரைக்கும் தலையிடி குடுத்தவன். அக்காவின்ர இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுதவேணும் எண்டு அத்தான் சொல்லிப்போட்டார். குற்றவாளியைக் கொண்டே தீர்ப்பெழுதுவிக்கிற மாதிரி.

சண்டையில எல்லாம் விட்டிட்டு, அக்காவும் அத்தானும் ரெண்டு பிள்ளையளோட நியூசிலாந்தில ஓக்லண்டுக்கு வந்து வாடகை வீடு தேடினவை. போனில "இருக்கு, வாங்கோ" எண்ட, பிளாக்ஹவுஸ் பே எண்ட இடத்து வீட்டுக்காரர், வாசலில அக்காவின்ர முகத்தைக் கண்டவுடன "இப்பதான் வேற ஆளுக்குப் போட்டுது" எண்டார். அடுத்த கிழமையும் 'வாடகைக்கு' போர்ட் தொங்கினது.

"விடப்பா" எண்டார் அத்தான். அக்கா விடேல்லை. போர்டைப் படமெடுத்து அரசாங்கத்துக்கு முறைப்பாடு எழுதினா. வீட்டுக்காரரிட்ட இருந்து மன்னிப்புக் கடிதம் வருமட்டும் எழுதிக்கொண்டே இருந்தா.

பிறகு, புதுசா வாற சனத்தோட வீடு பார்க்கவும் அவவே போவா. "கறி மணக்குமே" எண்டு இழுத்த ஏஜெண்டிட்ட, "ஓம், நல்லா மணக்கும். சாப்பிட வாங்கோ. இப்ப விண்ணப்ப ஃபோமைத் தாங்கோ" எண்டவ.

அப்பிடிப்பட்டவவின்ர தம்பி நான், ஏவன்டேலில ஒரு சின்ன வீடு வாங்கி வாடகைக்கு விட்டன். போன வருசம் ஒரு சோமாலிய அம்மா போன் எடுத்தா. மூண்டு பிள்ளையளாம். குரலைக் கேட்டவுடன என்ர வாய் தானாச் சொல்லிச்சுது: "வீடு போட்டுது."

நோய் வந்து எங்கட வீட்டில தங்கியிருந்த அக்கா, பக்கத்து சோபாவில.

"ஆருக்கடா குடுத்தனி?"

"பேய்க்கு, அக்கா."

அவ சிரிக்கேல்லை. "அமெரிக்காவில கறுப்புச் சனம் இருந்த இடங்களை வரைபடத்தில சிவப்பாக் கீறி, அங்க வீட்டுக் கடன் இல்லையெண்டு வங்கியள் சொன்னதை வாசிச்சுக் காட்டினன். அநியாயம் எண்டு உச்சுக் கொட்டினாய். நீ வரைபடமும் இல்லாமக் கீறுறாய். எடு போனை."

எடுத்தன். "மன்னிக்கோணும், பொய் சொல்லிப்போட்டன். வீடு போகேல்லை, வந்து பாருங்கோ" எண்டு சொல்லி முடிக்குமட்டும் அக்கா என்னில இருந்து கண்ணெடுக்கேல்லை.

அக்காவைப் பார்த்த தாதிமாருக்கும், மாறி மாறிச் சாப்பாடு கொண்டுவந்த சிநேகிதருக்கும், தேவாரம் படிச்ச பிள்ளையளுக்கும், தோள் குடுத்த எல்லாருக்கும் எங்கட குடும்பத்தின்ர நன்றி.

இப்ப என்ர வீட்டில வாடகைக்கு இருக்கிற அந்தச் சோமாலிய அம்மாவும் செத்தவீட்டுக்கு வந்து அக்காவின்ர கால்மாட்டில நிண்டு அழுதவ. என்னைக் கண்டதும் கண்ணைத் துடைச்சு, "ஒப்பந்த வருசம் முடியுது, இனியும் இருக்கலாமோ?" எண்டு மெல்லமாக் கேட்டா. அந்தப் பயத்தை அவவுக்குக் குடுத்ததில எனக்கும் பங்கிருக்கு. விரும்புமட்டும் இருங்கோ எண்டன். அதை இங்க அச்சிலயும் போடுறன். நாளைக்கு நான் மாறிக் கதைச்சால், இந்த மலரை என்ர முகத்துக்கு முன்னால நீட்டுங்கோ.