மலைத்தூறலில் நனைந்த பட்டு

மே 12, காலை ஒன்பது நாற்பது. ஊட்டி தாவரவியல் பூங்காவில் தூறல். காஞ்சிபுரத்திலேயே வேண்டாமென்று சொல்லியும் என் மனைவி பட்டுப்புடவையில்தான் வந்தாள். அது நனைந்ததும் ஈரப்பட்டின் வாடை கிளம்பியது. இத்தனை பூக்களுக்கு நடுவே அந்த வாடைதான் மூக்கில் ஏறியது.

நான் சிறுவனாயிருந்தபோது அப்பா வீட்டை ஒட்டிய சாயப்பட்டறையில், கச்சாப் பட்டு நூலைப் பசை போகச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைப்பார். செத்த புழுவின் நாற்றம் வீடெங்கும் பரவும். மதியம் அதே கையால் தயிர்ச்சோறு பிசைந்து உருட்டி நீட்டுவார்.

"நாறுதுப்பா."

"மூக்க மூடிக்கோ, வாயத் தெற."

மூச்சை அடக்கி எட்டு உருண்டை விழுங்குவேன்.

"அம்பதாவது கல்யாண நாளு. போட்டோவுக்குக்கூட நாலடி தள்ளி நிக்கிறீங்களே, நான் இன்னா வேத்தாளா?" என்றாள் மனைவி. 

மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டி நின்றேன். முதல் படத்தில் என் முகம் கோணியிருந்ததால் பூங்காப் புகைப்படக்காரரிடம் இன்னொன்று எடுக்கச் சொன்னேன். இரண்டுக்கும் சேர்த்து முந்நூறு ரூபாய்.