எங்களுடையவை அல்லாமல் போன பன்றிகள்

வெயிலில் கொதித்த தகர டின்னில் கழுநீர் புளித்து நுரை கட்டும்போது ஒரு வாடை எழும். மூக்கில் ஏறித் தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்ததற்கு அந்த வாடைதான் காரணம் என்று எனக்குத் தெரியும், அதை வீட்டில் சொல்லிப் பயனில்லை என்பதும் தெரியும். எண்பதுகளின் தொடக்கத்தில், ஒலக்கூருக்குக் கிழக்கே ஏரியை ஒட்டி இருந்த எங்கள் காலனியில் நாலைந்து வீட்டார் பன்றி வளர்த்தார்கள். மழை தொடர்ந்து ஏமாற்றியதில் மற்றவர்கள் விற்றுவிட்டுச் செங்கல் சூளைக்குப் போய்விட, நான் ஆறாவது படித்த வருஷம் எங்கள் வீட்டில் மட்டும்தான் மிச்சம் இருந்தன: ஒரு தாய்ப் பன்றி, அதன் முந்தைய ஈற்றில் பிறந்து வளர்ந்தவை, அப்புறம் காலுக்குள் ஓடும் குட்டிகள். நைனாவுக்கு யாராவது கூப்பிட்டால்தான் வேலை. வீட்டுக்கு அரிசி வந்தது, எனக்குச் சட்டை வந்தது எல்லாம் அம்மா அந்தப் பன்றிகளை வைத்துச் செய்ததுதான்.

அந்தப் பங்குனியில், கிணற்றில் தண்ணீர் இருந்த சிலர் மட்டும் போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லைகளை, அதாவது நிலக்கடலை வயல்களை, ஏதோ ஒன்று உழ ஆரம்பித்தது. விடிந்து போய்ப் பார்த்தால் ஏர் ஓட்டிய மாதிரி மண் புரண்டு, செடியெல்லாம் வேர் மேலே பார்க்கக் கிடக்கும். பார்த்தவர்கள் கன்றுக்குட்டி உயரம் என்றார்கள், பிறகு எருமைக் கிடேரி உயரம் என்றார்கள், சொல்லச் சொல்ல அது வளர்ந்துகொண்டே போனது. ஒருநாள் காலையில் தண்ணீர் வற்றிய ஏரி உள்வாயில், வேலிக்காத்தான் முள்புதர்களுக்கு நடுவே நானும் பார்த்தேன். நைனாவின் இடுப்பைத் தொடும் உயரம், கருத்த உடம்பு, முதுகு நெடுகத் துடைப்பம் போல விறைத்து நின்ற மயிர், வாயோரம் மேல்நோக்கி வளைந்த கோரைப் பற்கள். என்னைப் பார்த்தது, அவசரமே இல்லாமல் திரும்பிப் போனது.

காட்டுப் பன்றி என்றால் யார் மேலும் குற்றமில்லை, வலை கட்டி அடித்துத் தின்றுவிட்டுப் போகலாம். வீட்டுப் பன்றி என்றால் கேட்பதற்கு ஆள் உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால், காயடிக்காமல் விட்ட ஒரு கெடாக்குட்டி எங்கள் பட்டியிலிருந்து ஏரிக்குள் போய்த் திரும்பாமலே இருந்துவிட்டது ஊருக்கெல்லாம் தெரியும். எங்கள் பன்றிகளுக்கு வலது காது நுனியில் ஒரு கீறல் போடுவோம், அதுதான் அடையாளம். அந்தப் பெரிய பன்றிக்கோ இரண்டு காதும் முள்ளிலும் சண்டையிலும் கிழிந்து கந்தலாகத் தொங்கின. எந்தக் கிழிசல் நைனாவின் கத்தி போட்டது என்று யார் சொல்வது? போதாததற்கு, அந்த ஈற்றில் பிறந்த எங்கள் குட்டிகளில் சிலவற்றின் முதுகில் அணிலுக்கு இருப்பது போலக் கோடுகள் இருந்தன. வீட்டுக் குட்டிக்குக் கோடு வராது, அந்தப் பெரியதுதான் அவற்றுக்கு அப்பன் என்று ஊரில் பேச்சு.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கரும்பலகையை நடுவில் பிரித்து வீட்டு விலங்கு, காட்டு விலங்கு என்று எழுதிப் போட்டபோது, நான் எழுந்து பன்றி எந்தப் பக்கம் என்று கேட்டேன். "ரெண்டு பக்கமும் வரும், உக்காரு" என்றார் அவர். வகுப்பு சிரித்தது. எனக்கு அது வீட்டுப் பிரச்சினை.

கடைசியில் நாட்டாமை தன் பம்ப்செட் கொட்டகைக்கு எதிரில் எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். பேசியதெல்லாம் அம்மாதான்.

"இன்னாமே அஞ்சலை, உன் மருமவன் தெனம் என் கொல்லைல வந்து விருந்து சாப்ட்டுக்கினு போறான், நீ கண்டுக்கவே மாட்டேன்ற?"

"மருமவன்னா பொண்ணு வூட்டுக்குத்தானே வரணும் ஆண்டே? உங்க வூட்டுக்கு எதுக்கு வர்றான்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நாட்டாமை சிரிக்கவில்லை. வளர்த்தவள் கழுநீர் டின்னைத் தட்டிக் கூப்பிட்டால் வளர்ந்த பன்றி வரும். நாளைக்கு எல்லாரும் பார்க்க ஏரிக்கரையில் நின்று அவள் டின்னைத் தட்டட்டும், அது வந்தால் அவளுடையது, அப்புறம் காலனியில் ஒரு பன்றிகூட இருக்கக் கூடாது, என்று முடித்தார். அம்மா உடனே ஒத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நைனா கேட்டார், "அது வந்துட்டா இன்னாடி பண்ணுவ?"

"வராது. தவுட்டு வாசனை இல்லாம எது வரும்? வெறும் தண்ணி ஊத்தி எட்த்துக்கினு போறேன். எவன் மோந்து பாக்கப் போறான்?"

நைனாவுக்கும் எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் கரைமேல் திருவிழா போலக் கூட்டம். அம்மா தண்ணீர் டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்வாயில் இறங்கி, அதைத் தரையில் வைத்து, தேங்காய்க் கொட்டாங்குச்சியால் விளிம்பில் தட்டினாள்: இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு தட்டு. வெகுநேரம் கழித்துப் புதர் அசைந்தது. பெரிய பன்றி வெளியே வந்து, மூக்கைத் தூக்கிக் காற்றைப் பிடித்து, அப்படியே நின்றது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. "வந்துட்ச்சி பாரு" என்றார்கள் சிலர். "எங்க வந்துச்சி, வேடிக்கை பாக்குது" என்றார்கள் மற்றவர்கள். அம்மா தட்டிக்கொண்டே இருந்தாள், அது அசையவே இல்லை, நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

தட்டும் சத்தம் காலனி வரைக்கும் கேட்கும் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

அந்த வருஷப் பஞ்சத்தில் எங்கள் பன்றிகள் அரை வயிறுதான் கண்டிருந்தன. பட்டியின் முள்படலைச் சாய்த்துக்கொண்டு தாயும் மற்றவையும் கோடு போட்ட குட்டிகளும் கரையேறி, கூட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து, கத்திக்கொண்டே அம்மாவிடம் ஓடிவந்தன. தாய்ப் பன்றி டின்னுக்குள் மூக்கை விட்டது. எடுத்தது. இன்னொரு தரம் விட்டுப் பார்த்தது. பிறகு டின்னை உருட்டித் தள்ளிவிட்டு, மல்லாட்டை தின்று கொழுத்து நின்ற அந்தப் பெரியதை நோக்கி நேராக நடந்தது. மற்றவை அதன் பின்னால் போயின. "தே, தே, வா இங்க" என்று அம்மா ஓடினாள். பெரியது ஒரு உறுமல் உறுமியதும் நைனா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். புதர் மூடிக்கொண்டது.

நாட்டாமை எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "சரிமே. அது உன்னுது இல்ல, ஊரே பாத்துட்ச்சி, ஒத்துக்கறோம். அதோட போனதும் உன்னுது இல்ல."

"ஆண்டே, அதுங்க காதப் பாருங்க, எங்க கீறல் இருக்குது..."

"காட்டுக்குள்ள போய் யாரு காதப் பாக்கறது?"

வழக்கில் ஜெயித்தவர்கள் நாங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஊர்ப் பையன்கள் வலையும் நாயும் கொண்டு வளைத்தார்கள். பெரியது வலையைக் கிழித்துக்கொண்டு ஓடிப்போய், அதற்கப்புறம் அந்தப் பக்கம் யார் கண்ணிலும் படவில்லை. எங்களுடையவை ஓடவில்லையாம், ஆளைக் கண்டதும், சோறு வைக்க வந்தவர்கள் என்று நின்றுவிட்டனவாம். அடித்தவர்களே சொல்லிச் சிரித்தார்கள். காலனிக்கு ஒரு பங்கு கறி வந்தது. அம்மா வாங்கி, கழுவி, மிளகாய் அரைத்துக் குழம்பு வைத்தாள். சாப்பிட்டோம். அன்றைக்கு வீட்டில் வேறு எதுவும் இல்லை.

அம்மா அதே கொல்லைகளுக்குக் களை எடுக்கப் போனாள். என்னை வீட்டில் வைத்துச் சோறு போட முடியாது என்று திண்டிவனத்தில் இலவச விடுதியில் சேர்த்தார்கள். அங்கே மூன்று வேளையும் சோறு கிடைத்ததால் படித்தேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் என்று இப்போது என்னைச் சொல்கிறார்கள். அதற்கு என் முயற்சியைக் காரணமாகச் சொல்பவர்களிடம் நான் மறுத்துப் பேசுவதில்லை, பேசினால் நீளும்.

ஏரி உள்வாயில் வேலிக்காத்தானை வெட்டிக் கரி மூட்டம் போட்டு முடித்தாயிற்று. ஓரத்தில் மனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். காலனியில் யாரும் பன்றி வளர்ப்பதில்லை, வளர்த்த பேச்சையும் எடுப்பதில்லை. எனக்கு விழுப்புரத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்து, வாடகைக்கு வீடு பிடித்து, அம்மாவையும் நைனாவையும் கூட்டிவந்துவிட்டேன். குடிவந்த வாரம் வீட்டுக்காரம்மா வாசலில் உட்கார்ந்து அம்மாவிடம் ஊர், உறவு எல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார். கிராமத்தில் ஏதாவது வளர்த்தீர்களா என்று கேட்டார்.

"மாடு வச்சிருந்தோம்" என்றாள் அம்மா.

"பேரு ஏதாவது வச்சிருந்தீங்களா?"

"லட்சுமி" என்றாள், கொஞ்சம்கூட யோசிக்காமல்.