பாதிப் பக்கம்

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். தெரியாத சொல் ஒன்று வந்தால் போதும், வாசிப்பதை விட்டுவிட்டு மொத்த வகுப்பும் அகராதியைப் புரட்டத் தொடங்கிவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் ஓர் ஆங்கிலக் கதையின் முதல் பாதியை மட்டும் நகலெடுத்துக் கொடுத்தேன். வானத்தில் மேகமே இல்லை. ஒருவன் காய்ந்த நிலத்தில் விதைக்கிறான். வெளியூர்க்காரன் ஒருவன் அதைப் பார்த்துச் சிரிக்கிறான்.

"அடுத்து என்ன நடக்கும், நீங்களே சொல்லுங்கள்" என்றேன். விதை வீணாகும் என்பார்கள், மறுபாதியைக் காட்டி அசத்தலாம் என்பது என் கணக்கு. நான் ஆற்றுப் பாசனத்து ஊர்க்காரன்.

"மழை வரும் சார், இவன் பயிருதான் மொதல்ல மொளைக்கும்" என்றாள், அதுவரை வாயே திறக்காத விளாத்திகுளத்துப் பெண். "மழை பெஞ்ச பெறவு கரிசல் மண்ணு சேறாயிரும், கால் வைக்க முடியுமா? அதான் நாங்க புழுதியிலயே விதைச்சிருவோம்."

என் கையிலிருந்த மறுபாதியிலும் அதேதான் இருந்தது. அதற்குள் வகுப்பே என் மேசையைச் சூழ்ந்துகொண்டது. ஒருவர் கையிலும் அகராதி இல்லை.

"மிச்சத்தையும் குடுங்க சார்" என்றாள் அவள். "எழுதுனவருக்கு வெவசாயம் தெரியுதான்னு பாப்போம்."