செருப்பு போடாத சகாதேவன்

அடி அண்ணாமலை கிராமத்துச் சகாதேவன் சித்தராகிவிட்டார் என்று எண்பத்திரண்டாம் வருஷத்துக் கத்திரி வெயிலில் ஒரு சேதி கிளம்பியது. உச்சி வேளையில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்று ஒருத்தரிடம் பத்து நிமிஷம் பேசினாராம். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லையாம். திருவண்ணாமலையில் ஓர் ஆளைச் சாமியாக்க இதற்குமேல் சாட்சி கேட்பது அநாகரிகம். இருந்தாலும் விசாரித்துப் பார்த்ததில், நின்றதும் உண்மை, சுடாததும் உண்மை. சித்தர் என்பதில்தான் இடித்தது.

சகாதேவன் டவுனில் மணிலாக்கொட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடுகிறவர். சர்க்கரை வியாதி வந்து எட்டு வருஷம். முதல் ஐந்து வருஷம் அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. பிறகு அது அவரைக் கண்டுகொண்டது. படுத்தால் பாதத்தில் மிளகாய் அரைத்துப் பூசியது மாதிரி எரியும். எழுந்துபோய் மாட்டுத் தொட்டித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்காருவார். மாடு தூங்கும், அவர் உட்கார்ந்திருப்பார். விடிந்தால் எரிச்சல் போய், யாரோ இரவல் கொடுத்த கால் மாதிரி சில்லிட்டுக் கிடக்கும். ஒருநாள் மண்டியிலிருந்து வீடுவரை ஒற்றைச் செருப்போடு வந்தார். மற்றது எங்கே கழன்றதென்றே தெரியவில்லை. இன்னொரு நாள் பாதத்தில் ஏறியிருந்த ஆணியை மனைவி சரசுதான் பார்த்துப் பிடுங்கினாள்.

டவுன் டாக்டர் பாதத்தில் குண்டூசியால் குத்தினார். "குத்துதா?"

"எப்ப குத்துவீங்க?" என்றார் சகாதேவன்.

டாக்டர் குண்டூசியைக் கீழே வைத்துவிட்டார். "சர்க்கரை நரம்பத் தின்னுட்டுதுய்யா. போனது வராது. வெறுங்கால்ல மட்டும் ஒரு அடி எடுத்து வெக்காதீங்க. புண்ணு வந்தா உங்களுக்குத் தெரியாது. தெரியறப்ப வெரலு இருக்காது."

மகள் சந்திரகலாவுக்கு அந்த மாதமே கீழ்பென்னாத்தூரிலிருந்து வரன் வராதிருந்தால் அவரும் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்திருப்பார்.

"ஆணி ஏறினதே தெரியலியாமே. மரத்துப்போன காலுன்னா... அதுவா இருக்குமோ?" என்று குழாயடியில் ஆரம்பித்தாள் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை. 'அது' என்றால் குஷ்டம். அந்தச் சொல் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் கல்யாணம் அவ்வளவுதான்.

சரசு குடத்தை இறக்காமலே சொன்னாள்: "அட நீ ஒண்ணு. பொண்ணு கல்யாணம் நல்லபடியா முடியணும்னு அண்ணாமலையாருக்கு வேண்டிக்கினு செருப்ப வுட்டுட்டாரு. மலைய நெனச்சிக்கினு நடக்கறவருக்கு ஆணி எங்க தெரியும்?"

ஒரு குடம் நிரம்பும் நேரத்தில் நோயாளி விரதக்காரரானார். செருப்பு பரணில் ஏறியது. தார் ரோட்டு அற்புதம் நடந்தது அதற்கப்புறம்தான்.

"ஏண்டி, என் காலு போயிடும்டி."

"கலாவுக்கு இருபத்தாறு முடியப்போவுது. உங்க காலுக்கு அம்பது வயசு."

அவர் பரணை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு வெறுங்காலோடு மண்டிக்குக் கிளம்பினார்.

பூ வைக்க வந்த மாப்பிள்ளையின் அப்பா தருமன் முதல் வேலையாகக் காலில் விழுந்தார். "சம்பந்தி, முகூர்த்தத்துக்கு முன்ன ஒருவாட்டி நீங்க முன்னால நடக்க, நாங்க பின்னால வர, மலைய சுத்திடணும். வேண்டுதல் உங்களுது, புண்ணியம் ரெண்டு வூட்டுக்கும்."

மாட்டேன் என்று சொல்ல ஒரு விரதக்காரருக்கு வாய் ஏது?

வைகாசிப் பௌர்ணமியன்று ராஜகோபுரத்தில் கற்பூரம் கொளுத்திவிட்டுப் புறப்பட்டார்கள். தருமன் வீட்டார் வந்த பஸ் வழியில் நின்றுபோனதால் கிளம்பவே பகல் பதினொன்றாகிவிட்டது. செங்கம் ரோட்டில் தார் இளகிக் கிடந்தது. மற்றவர்கள் மர நிழலுக்கும் மண் ஓரத்துக்கும் தாவித் தாவி வந்தார்கள். சகாதேவன் நடுரோட்டில் கோயில் யானை போலப் போனார். "நடைய பாத்தியா!" என்று பின்னால் கிசுகிசுத்தார்கள். அவருக்குச் சுட்டால் தேவலை என்றிருந்தது. கீழே என்ன நடக்கிறதென்று ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும். பார்த்தால் சந்தேகம் வந்துவிடும். பார்க்காமல் நடந்தார்.

ஈசானிய லிங்கத்தை நெருங்கும்போது தருமனின் அக்கா கேட்டாள்: "சாமி காலுக்கு யாரு தண்ணி ஊத்தறது? அடிக்கு அடி ஈரமா கீதே?"

யாரும் ஊற்றவில்லை. சரசு குனிந்து பார்த்தாள். கொப்புளமெல்லாம் உடைந்து, பாதத்தில் தோல் தொங்கிக்கொண்டிருந்தது.

"அருளு வந்துடுச்சு! புடிங்க, புடிங்க!" என்று கத்தினாள்.

சகாதேவன் ஒன்றும் புரியாமல் விழித்தார். அப்புறம் புரிந்து, கொஞ்சம் ஆடினார். ஜட்கா வண்டி வந்து அவரை ஏற்றிக்கொண்டது. கோபுரத்துக்கு இன்னும் ஒரு மைல் இருந்தது.

அடுத்த வாரம் கல்யாணம். மஞ்சள் துணி சுற்றிய காலோடு நாற்காலியில் உட்கார்ந்து தாரை வார்த்தார். ஊதுவத்தியைக் கட்டுக் கட்டாகக் கொளுத்தச் சொன்னாள் சரசு. ஆடியில், பெரிய ஆஸ்பத்திரியில், வலது காலில் மூன்று விரலை எடுத்தார்கள். மண்டியில் எடைக்கு வேறு ஆள் வந்துவிட்டான். எரிச்சல் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. இல்லாத விரல்களும் எரிகின்றன. கட்டு நனையக்கூடாது என்பதால் தொட்டித் தண்ணீரும் இல்லை.

மாசியில் சந்திரகலாவுக்குக் கரு கலைந்தது. தருமன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை.

"தப்பா நெனக்காதீங்க சம்பந்தி. அன்னிக்கி ஒரு மைலு நின்னுபோச்சு பாருங்க, அதுதான் கொற வச்சிடுச்சுன்னு எங்கக்கா சொல்லுது."

"நான் நடந்துடறேண்ணா," என்றாள் சரசு.

"வேண்டிக்கினவரு காலுதான் நடக்கணும் தங்கச்சி. அதுவும் வெறுங்காலு."

சகாதேவன் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். விரதமே பொய் என்று இப்போது சொன்னால், மகள் பெட்டியோடு வாசலில் வந்து நிற்பாள்.

"வர்ற பௌர்ணமிக்கு," என்றார்.

ஏழு பௌர்ணமி போய்விட்டது. மாதம் தவறாமல் தருமன் ஆளனுப்பி விசாரிக்கிறார். ஈசானிய லிங்கத்திலிருந்து ராஜகோபுரம்வரை அந்த ஒரு மைல் இன்னும் நடக்காமல் கிடக்கிறது.